மருமகள் பெயரில் ஒரு பொய்ப் பதிவு

மருமகளுக்குப் போடாத கொரோனா தடுப்பூசியைப் போட்டதாகப் பதிய வைத்தவன் நான். அவள் கேட்கவில்லை, நானாகச் செய்தேன்.

திருக்கோகர்ணத்தில் எங்கள் வீட்டு மாடியறையில் இருந்தபடியே அவள் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்த்தாள். கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து வந்த கர்ப்பம், ஆறாம் மாதம். வீட்டிலிருந்து வேலை செய்பவர்களும் வெள்ளிக்கிழமைக்குள் ஊசிச் சான்றிதழ் அனுப்ப வேண்டும், இல்லையென்றால் திங்கள் முதல் வேலைக்குள் நுழைய முடியாது என்று மெயில் வந்தது. டாக்டர் போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தார். அவளும் தயார்தான். பயந்தது நான். தாலுகா ஆபீசில் முப்பது வருடம் இருந்தவனுக்குக் காகிதம் சரியாக இருந்தால் போதும் என்று பட்டது.

அரிமளம் முகாமில் இருந்த நர்ஸ் எங்கள் தெருப் பெண். கைக்குழந்தையை விட்டுவிட்டு தூரத்து மணமேல்குடிக்கு வேலைக்குப் போய்வந்து அவள் அல்லாடியபோது, இடமாறுதல் மனு எழுதிக் கொடுத்தேன்; அரிமளத்துக்கு மாற்றல் கிடைத்தது. அதைச் சொல்லிக் காட்டவில்லை. மருமகளின் ஆதார் நகலை நீட்டியதே போதுமாக இருந்தது.

"ஆளு வரலைங்களா அய்யா?"

"வயித்துப்புள்ளக்காரி. நீ பதிஞ்சு விடு ஆத்தா."

வெளியே வரிசை நின்றது. கணக்குச் சரியாக இருக்க, ஒரு ஆளுக்கான மருந்தைப் பஞ்சில் பீச்சினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் வீடு சேருமுன் மருமகளின் போனுக்குத் தகவல் போய்விட்டது.

"மாமா, யாருக்குப் போட்டீங்க ஊசி? நாளைக்கு நான் போனா, போட்டாச்சுன்னு திருப்பி அனுப்பிருவாங்களே."

அதை நான் யோசிக்கவே இல்லை. பொய்ச் சான்றிதழை அனுப்ப மாட்டேன் என்றுவிட்டாள். திங்களன்று அவள் லேப்டாப் திறக்கவில்லை. மாடியில் அவள் இருமும்போதெல்லாம் படியேறிப் போய்ப் பார்த்தேன். பதிவை நீக்கினால் நர்ஸ் மாட்டுவாள்; விட்டால் மருமகளுக்கு ஊசி கிடைக்காது.

நாலு நாள் கழித்து, குற்றம் முழுதும் என்னுடையது என்று மருத்துவ அலுவலருக்கு எழுதிக் கையெழுத்திட்டேன். பதிவு நீங்கியது. மருமகள் ஊசி போட்டுக்கொண்டாள், வேலையும் திரும்பியது. பேரன் இப்போது நடக்கிற வயதைத் தாண்டிவிட்டான். நர்ஸை மட்டும் மறுபடி மணமேல்குடிக்கே மாற்றினார்கள்.

ஒருநாள் காலையில் பஸ்ஸுக்கு நின்றவளிடம் போய், இன்னொரு மனு எழுதித் தருகிறேன் என்றேன்.

"வேணாங்கய்யா. நானே எழுதிக்கிறேன். நீங்க எழுதித் தந்தா, அப்புறம் நீங்க கேக்குறப்ப மாட்டேன்னு சொல்ல வாய் வராது."

பஸ் வந்தது. ஏறிவிட்டாள். இன்னும் அங்கேதான் போய்வருகிறாள்.