புது பேடு ஒரே காலுக்குத்தான் பழகும்

சலீம் அண்ணன் இறந்துவிட்டார்.

காலையில் டீக்கடைக்குப் போனவர், பெஞ்சில் உட்கார்ந்தபடியே சாய்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே முடிந்துவிட்டது. நாற்பத்தாறு வயசுதான்...

உத்தமபாளையத்தில் கார் பிரேக் வேலை பார்த்தவர். இந்தப் பதிவை மூன்று தடவை எழுதி அழித்துவிட்டேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள்.

எங்கள் வண்டி பெரிய செவன் சீட்டர். அப்பா வாரம் இரண்டு தடவை அதில் கம்பம்மெட்டு மலைப்பாதை ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போவார், வேலைக்கு வரும் பெண்களையும் ஏற்றிக்கொண்டு.

திடீரென்று முன் வீலில் இரும்பு உரசும் சத்தம். பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் கையிலேயே நடுங்கும். பிரேக் பேடு மாற்றி ஆறு மாதம்கூட ஆகவில்லை.

ஒர்க்‌ஷாப்பில் அண்ணன் ஜாக்கி போட்டு இரண்டு முன் வீலையும் கழற்றினார். பேடு தகடு வரை தேய்ந்திருந்தது. பேடு கவ்விப் பிடிக்கிற டிஸ்க் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது.

"மாமா, தண்ணி ஊத்துனீகளா?" அப்பாவை மாமா என்றுதான் கூப்பிடுவார்.

மெட்டு இறங்கியதும் அடிவாரத்தில் நிறுத்தி, சூடான வீலில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவது எங்கள் பக்கம் வழக்கம்.

"ஊத்தாம? பொகைஞ்சுக்கிட்டு வருதுல்ல மாப்ள, பாவமா இருக்கு."

"தோசைக்கல்லுல தெளிச்சாச் சரி. குடத்தோட கவுத்துனா? அத்தைகிட்ட கேட்டுப் பாருங்க, கரண்டியாலயே பதில் சொல்லுவாக. டிஸ்க் வளைஞ்சு போச்சு. அதான் ஸ்டீயரிங் ஆடுது."

அப்பாவே சிரித்துவிட்டார்.

ஆனால் அண்ணனுக்குத் திருப்தியில்லை. டிஸ்க் வளைந்ததற்குத் தண்ணீர் காரணம், சரி. பேடு ஆறு மாதத்தில் தீர்ந்ததற்கு?

பிரேக் எங்காவது பிடித்துக்கொண்டே இருக்கிறதா என்று பார்த்தார். பேடு நகர்கிற ஸ்லைடு பின்கள் விரலால் தள்ளினாலே நகர்ந்தன. பிஸ்டன் ஒழுங்காக உள்ளே போனது. எல்லாம் சரியாக இருந்தது, அதுதான் பிரச்சினை.

பிறகு எழுந்து போய் டிரைவர் கதவைத் திறந்து குனிந்தார். பிரேக் பெடலுக்கு அடியிலிருந்து ஒரு செருப்பை எடுத்தார்.

அப்பாவின் வலது கால் செருப்பு.

அப்பா அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். இடது காலில் செருப்பு, வலது கால் வெறுங்கால். இரும்புத் துகள் கிடக்கிற தரையில். அவருக்குத் தெரியவே இல்லை.

பதினைந்து வருட சர்க்கரை. கால் மரத்துப்போயிருந்தது. அப்பா பேஸ்புக்கில் இல்லை, அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அண்ணன் செருப்பை அவர் காலருகில் வைத்தார். என்னை மட்டும் வண்டிக்குப் பின்னால் கூப்பிட்டார்.

"பாப்பா, வண்டில கோளாறு இல்ல. அவுக கால் பிரேக்கு மேலயே கெடக்கு, அது அவுகளுக்கே தெரியல. இனிமே மெட்டுல ஓட்ட வேணாம்னு வீட்டுல சொல்லுங்க."

"நீங்க சொல்லுங்கண்ணே." எனக்கு வாய் வரவில்லை.

துணியில் கையைத் துடைத்துக்கொண்டே போய் அப்பாவிடம் சொன்னார்.

"மாமா, புது டிஸ்க்கு, புது பேடு போடப் போறேன். ஆனா இது ஒரே காலுக்குத்தான் பழகும். ஆள் மாத்தி ஆள் மிதிச்சா செட் ஆகாது. பாப்பாவே ஓட்டட்டும்."

"ஏன், என் காலுக்குப் பழகாதா?"

"ஒங்களுக்குத் தோட்டத்துல ஆயிரம் சோலி. இவுக புஸ்தகத்த வச்சுக்கிட்டுச் சும்மாதான உக்காந்திருக்காக."

புது பேடு செட் ஆகக் கொஞ்ச தூரம் பதமாக ஓட்ட வேண்டும் என்பது உண்மைதான். மீதி எல்லாம் அண்ணனுடைய கற்பனை. அப்பா நம்பினார். மெஷின் விஷயத்தில் அப்பா யாரோடும் சண்டை போட மாட்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சர்வீஸுக்கும், "செட் ஆயிருச்சா மாப்ள?" அண்ணன் வீலைச் சுற்றிவிட்டு, காதை வைத்துக் கேட்பார். "இன்னும் கொஞ்சம் மாமா."

ஒரு தடவை நான் எரிச்சல்பட்டேன். "எத்தனை நாளைக்குண்ணே இந்தப் பொய்?"

"நீங்க உண்மையச் சொல்ற வரைக்கும்."

அன்றைக்கும் நான் சொல்லவில்லை. சிரித்து மழுப்பிவிட்டு வந்துவிட்டேன்...

இன்று காலை செய்தி வந்ததும் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். கையில் வண்டிச் சாவி.

"இன்னைக்கு நான்தான் ஓட்டுவேன். செட் ஆச்சான்னு இனி யாருகிட்டப் போய் கேக்க?"

தெருவிலேயே சொல்லிவிட்டேன். நிதானமாகச் சொல்ல எத்தனையோ நாள் இருந்தது. சத்தமாக, கோர்வையில்லாமல், எதிர்வீட்டுக்காரர்கள் பார்க்கப் பார்க்க... "பேடு இல்லப்பா. உங்க காலு." அந்தச் செருப்பைப் பற்றியும்.

அப்பா குனிந்து காலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்கிட்டயே சொல்லிருக்கலாம்ல அவன்."

"சொல்லிருந்தா வேற ஒர்க்‌ஷாப்புக்குப் போயிருப்பீக."

அப்பா சாவியை பானட் மேல் வைத்துவிட்டு, இடது பக்கம் ஏறி உட்கார்ந்தார்.

உத்தமபாளையம் போகும் வழியில் அனுமந்தன்பட்டி தாண்டி ஒரு டிராக்டர் குறுக்கே வந்தது. நான் பிரேக் பிடித்தேன். பக்கத்தில் அப்பாவின் வலது காலும் வெறும் தரையை அழுத்தி மிதித்தது.

இப்போது பள்ளிவாசலுக்கு எதிரே வண்டியில் உட்கார்ந்திருக்கிறேன். அடக்கத்தில் மண் போட அப்பா உள்ளே போயிருக்கிறார்.

அண்ணே, சொல்லிட்டேன். ரெண்டு வருசம் லேட்டு.

போய்ட்டு வாங்க.