கைஜாடை போதும் என்றவருக்கு

செலஸ்த் என்ற பெண்ணின் உயிரோடு விளையாடியது நீங்கள்தான், மேனேஜர் ஐயா. தெரியாமல் நடந்துவிட்டது என்று நீங்கள் சொல்ல முடியாது. வெளிநாட்டு ஆட்கள் வருவதற்கு முன்பே உங்கள் ஆபீஸில் வந்து நின்று, மொழிபெயர்க்க ஓர் ஆள் வேண்டும் என்று கேட்டவள் நான். "கைஜாடை போதும்லா, சரசு. கொழுந்துக்கு என்ன பாஷை இருக்கு?" என்று சிரித்தீர்கள்.

நான் இந்த எஸ்டேட்டின் தேயிலை பேக்டரியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவள். மொசாம்பிக் நாட்டிலிருந்து இரண்டாவது கூட்டம் பயிற்சிக்கு வரப்போகிறதாம். புதிதாக சூப்பர்வைசர் ஆகியிருக்கிற பிள்ளைகள், முதல் கூட்டம் வந்தபோது என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன். எனக்கு நயமாக எழுத வராது.

1. மலாக்காக்காரர்

மொசாம்பிக் ஆப்பிரிக்காவில் இருக்கிறது. போர்த்துகீசியர் ஆண்ட நாடு. அங்கேயும் தேயிலை மலைகள் உண்டு. மெஷினில் கொழுந்து வெட்டுவதையும் பேக்டரி வேலையையும் கற்றுக்கொள்ள ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். இங்கிலீஷ் யாருக்கும் சரியாக வரவில்லை.

மேனேஜருக்கு ஒரு யோசனை வந்தது. எங்கள் லாரி டிரைவர் ஜோசப் அங்கிள் மலாக்கா செரானி. போர்த்துகீசியர் வழி வந்தவர்.

"ஜோசப், நீ போர்த்துகீஸ் ஆளுதானே? வந்து பேசு."

ஜோசப் அங்கிள் தலையை வாரிக்கொண்டு வந்தார். அவர் வீட்டில் பேசுவது பல நூறு வருஷமாக மலாக்காவிலேயே கிடந்து மலாயோடு கலந்துபோன பேச்சு. அவர் பேசினார், அவர்கள் விழித்தார்கள். அவர்கள் பேசினார்கள், இவர் என் பக்கம் திரும்பினார்.

"வெள்ளமா கொட்டுறாங்க சரசு. எனக்கு நாலு சொட்டுதான் வாயில விழுது."

அந்த நாலு சொட்டை நான் மறக்கவில்லை. தண்ணீருக்கு அவர் 'ஆகு' என்றார், அவர்கள் 'ஆக்வா' என்றார்கள். வீட்டுக்கு இரண்டு பக்கமும் 'காசா'. பிறகு அங்கிள் நெஞ்சைத் தொட்டு 'கொர்சாங்' என்றார். கூட்டத்திலிருந்த ஒரு பெண், அவள்தான் செலஸ்த், தன் நெஞ்சைத் தொட்டு 'கொராசாவ்ங்' என்றாள். இரண்டும் இருதயம். அங்கிள் அப்படியே நின்றுவிட்டார். "எங்க பாட்டன் பூட்டன் சொல்லுலா இது. கடலுக்கு அந்தப் பக்கத்துல இருந்து ஒரு பொண்ணு வந்து சொல்லுது" என்று கண்ணைத் துடைத்தார்.

ஆனால் இருதயம், வீடு, தண்ணீர் என்ற மூன்று சொல்லை வைத்துக்கொண்டு, கொழுந்தைக் காயவைக்கும் டிரையரின் சூட்டை விளக்க முடியாது. இவர்கள் நெஞ்சைத் தொட்டுப் பேசுவதைத் தூரத்திலிருந்து பார்த்த மேனேஜர், "பாத்தியா, ப்ராப்ளம் செட்டில்" என்று காரில் ஏறிப் போய்விட்டார்.

2. சாவி

மேனேஜர் ஆபீஸில் சிரித்த அன்றே நான் போனில் போர்த்துகீஸ் படிக்கத் தொடங்கியிருந்தேன். ஆசையால் இல்லை, கோபத்தால். காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு பாத்திரம் கழுவுவேன். என் மகள் கேலி செய்யாமல் விடமாட்டாள்.

"அம்மா, உனக்கு மலாய்லயே ஒழுங்கா சண்டை போட வராது. இதுல போர்த்துகீஸா?"

நாக்கு திரும்பவே இல்லை. பாதி எழுத்தை மூக்கால் சொல்ல வேண்டும். போனில் வந்தது பிரேசில்காரர் பேச்சு. இவர்களுடையது வேறு மாதிரி இருந்தது. கொழுந்தை உருட்டும் ரோலர் பக்கத்தில் நின்று நான் ஒரு வாக்கியம் சொல்வேன், செலஸ்த் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள், பிறகு திருத்துவாள். அவள் ஊர்ப் பழக்கப்படி என்னை 'மனா' என்று கூப்பிட்டாள். அக்கா என்று அர்த்தம். குளிர் தாங்காமல் பிரிஞ்சாங் இரவுச் சந்தையில் வாங்கிய கம்பளித் தொப்பியை அவள் பேக்டரிக்குள்ளேயும் கழற்றமாட்டாள்.

ஒருநாள் ஸ்டோரைத் திறக்கப் போனேன். அவள் என் கையைக் காட்டி 'ஷாவி' என்றாள்.

"சாவியா?"

"ஷாவி."

கையிலிருந்ததையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பா சொன்ன சொல், தாத்தா சொன்ன சொல், தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் கொண்டுவந்த சொல் என்று நினைத்திருந்தேன். நான் ஜன்னலைக் காட்டினேன். 'ஜனேலா' என்றாள். அலமாரியைக் காட்டினேன், 'அர்மாரியு' என்றாள். சட்டைக்கு 'கமீசா', நாங்கள் மலாயில் கெமெஜா என்கிறோம். வெண்ணெய்க்கு 'மன்தெய்கா', மலாயில் மென்தெகா. வேலையை விட்டுவிட்டு இரண்டு பேரும் ஸ்டோர் முழுவதும் தொட்டுத் தொட்டுப் பார்த்தோம். என் வீட்டுக்குள்ளேயே இத்தனை காலம் இந்தப் பாஷை குடியிருந்திருக்கிறது. ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

3. மெஷின்

கொழுந்து வெட்டும் மெஷினை இரண்டு பேர் பிடிக்க வேண்டும். செடி வரிசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். நடுவில் நீள பிளேடு ஓடும். சரிவில் ஒருவர் கால் இடறினால் இரண்டு பேருக்கும் ஆபத்து.

செலஸ்தின் முறை வந்தது. அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். மறுநாளும் அப்படியே. வேலை வாங்கும் மண்டோர் கத்தினான், "மாலாஸ்லா இவ! சோம்பேறி!" மேனேஜர் வந்தார். "நாளைக்கும் தொடலன்னா டிக்கெட் போட்டு அனுப்பிடுங்க. கத்துக்க வந்தாளா, குளிர் காய வந்தாளா?"

ஜோசப் அங்கிளைக் கூப்பிட்டார்கள். அவர் கேட்டார். அவள் மெதுவாக ஏதோ சொன்னாள். அங்கிள் தொப்பியைக் கழற்றினார். "எனக்குப் புரியல துரை. பொய் சொல்லமாட்டேன். சரசுவக் கூப்பிடுங்க."

பேக்டரியிலிருந்து ஏறிப் போனேன். அத்தனை ஆண்களுக்கு நடுவில் அவளிடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை. கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு அழைத்துப் போனேன். அவள் பேசத் தொடங்கினாள், வேகமாக. "மெதுவா" என்று கெஞ்சினேன். முதலில் பிடிபட்ட சொல் 'மேது'. பயம். பிறகு, விழுவேன் என்றாள். கையை முறுக்கிக் காட்டினாள். மாத்திரை என்றாள். தீரப்போகிறது என்று ஒவ்வொன்றையும் பாதியாக உடைத்துத் தின்கிறாள்.

வலிப்பு.

பிளேடைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது வந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றும் தெரியும். ஊரில் இரண்டு பிள்ளைகள். பயிற்சியை முடித்தால்தான் அங்கே பேக்டரி வேலை. "மனா, யாருக்கும் சொல்லாதே" என்றாள்.

புருஷனுக்குக்கூடச் சொல்லத் தயங்குகிற விஷயம். அதை என்னிடம் சொல்லிவிட்டாள், எச்சில் பாத்திரத்தோடு நான் பொறுக்கிய பாஷையில். பாஷை என்றால் இதுதானா என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

"டாக்டருக்கு மட்டும் சொல்வேன்" என்றேன். அவள் தலையாட்டினாள்.

ஜோசப் அங்கிளின் லாரியில் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போனோம். கடைசியாக எப்போது வந்தது, நாக்கைக் கடித்தாளா, என்ன மாத்திரை என்று டாக்டர் கேட்டார். ஒரு சொல் தவறினால் மருந்து தவறும். ஒவ்வொன்றையும் அவளிடம் இரண்டு முறை கேட்ட பிறகே சொன்னேன்.

"ஆன்ட்டி, நீங்க இந்தப் பாஷைய எங்க படிச்சீங்க?"

"சிங்க் பக்கத்துல, டாக்டர்."

மாத்திரை கிடைத்தது. பிளேடு வேலை, நெருப்பு வேலை கூடாது என்று சீட்டும் கிடைத்தது. நோயின் பெயர் அதில் இல்லை. மேனேஜரிடம் கொடுத்தேன். அவர் காரணமே கேட்கவில்லை. "சரி, சல்லடைப் பக்கம் போடு" என்றார். தூள் பிரிக்கும் அந்த அறையில்தான் செலஸ்த் பயிற்சியை முடித்தாள்.

4. பிரிவு விழா

விழாவில் மேனேஜர் மைக் பிடித்தார். "நம்ம ட்ரெய்னிங்குக்கு பாஷையே தேவைப்படல. கைஜாடையிலயே முடிச்சோம்!" எல்லாரும் கை தட்டினார்கள்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த செலஸ்த் என்னைத் தட்டினாள். "என்ன சொல்கிறார்?" மாற்றாமல் அப்படியே சொன்னேன். அவள் மேடையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்படியானால் அந்தக் கொட்டகையில் நான் உன்னிடம் பேசியது என்ன, மனா?"

அந்தக் கேள்வியை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இப்போது அவள் தன் ஊர் பேக்டரியில் சல்லடை அறைக்குப் பொறுப்பாக இருக்கிறாள். இதை எழுதலாமா என்று கேட்டு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். "எழுது மனா. பேரை மட்டும் மாற்று" என்றாள். மாற்றியிருக்கிறேன்.

புதுப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். வருகிற ஆட்களின் பாஷையில் ரோலருக்கும் டிரையருக்கும் பெயர் படிப்பது பிறகு ஆகட்டும். பயமாக இருக்கிறது, வலிக்கிறது, என்னால் முடியாது — இந்த மூன்றையும் முதலில் படியுங்கள். யாராவது சொன்னால் உங்கள் காதுக்குப் புரிய வேண்டும்.

மேனேஜர் ஐயா, இந்தத் தடவையும் மொழிபெயர்க்க ஆள் வைக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். புது ஆட்கள் வந்ததும் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு எல்லாரும் கூடுவார்கள். நானும் வருவேன், ஜோசப் அங்கிளும் வருவார். செலஸ்த் கேட்ட கேள்விக்கு அங்கே, அத்தனை பேர் முன்னால், பதில் சொல்லுங்கள். தமிழிலேயே சொல்லுங்கள். அவர்களுக்கு அவர்கள் பாஷையில் நான் சொல்லிக்கொள்கிறேன்.