வடிகட்டியார் எழுந்து நின்ற வரலாறு

"என் மேஜையைத் தாண்டி ஒரு கடுதாசியும் உள்ளே போனதில்ல. காத்துகூட என்னைக் கேட்டுட்டுத்தான் போகும்!"

இப்படி மார்தட்டியவர் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்தின் தபால் எழுத்தர். சக ஊழியர்கள் மரியாதையோடு சூட்டிய பெயர் வடிகட்டி. மக்களின் குறைக் கடிதங்களைப் பிரித்து, 'கனிவுடன் பரிசீலிக்கப்படும்' என்ற அச்சடித்த பதிலை அனுப்பிவிட்டு, கடிதத்தை நிரந்தர ஓய்வில் வைப்பது அவர் ஆற்றிவந்த மக்கள் தொண்டு.

அவர் மனைவிக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. விடியற்காலைப் பேருந்தைத் திடீரென நிறுத்திவிட்டார்கள். நடந்து போனால் தாமதம். இன்னொரு முறை தாமதமானால் சீட்டைக் கிழித்துவிடுவேன் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். அங்கே வேலை செய்யும் பெண்கள் எல்லோருக்கும் இதே கதி.

"எல்லாரும் சேர்ந்து மனு போடப்போறோங்க," என்றார் மனைவி.

வடிகட்டி விழுந்து விழுந்து சிரித்தார். "ஆயிரம் கையெழுத்து இருந்தாலும் எனக்கு அது ஒரே மனு. ஒரு ரப்பர் பேண்டு, கதை முடிஞ்சுது. ஆளுக்கொரு விதமா எழுதினாத்தான் தலைவலி. ஒவ்வொண்ணையும் படிச்சு, தனித்தனியா பதில் போடணும். உங்களுக்கு அந்த ரோசனை எங்க வரப்போகுது?"

"வராதுதான்," என்று மனைவி காய் நறுக்கினார்.

அடுத்த வாரம் தபால் சாக்கில் வந்தது. ஒருவர் எழுதியிருந்தார்: 'தினமும் ஓடித்தான் வேலைக்குப் போகிறேன். எனக்கு வயது ஐம்பத்தெட்டு.' இன்னொருவர்: 'நீங்கள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது போர்வையை வெளுத்தது நான். உங்களுக்கு ஓட்டுப் போட்டதும் நான்தான். போர்வைக் கறை மட்டும் போய்விட்டது.'

மனைவியின் கடிதம் மட்டும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் கேட்டார்: "உன்னோடது எங்க?"

"நான் எழுதினா புருஷன் சிபாரிசும்பாங்க. ஸ்டாம்பு மட்டும் ஒட்டிக்கொடுத்தேன்."

மறுநாள் வடிகட்டி கடிதக் கட்டோடு உள்ளே போனார்.

"சுருக்கமா சொல்லுய்யா," என்றார் உறுப்பினர்.

"சுருக்க வரலைங்க ஐயா. படிக்கிறேன்."

படித்தார். போர்வைக் கடிதம் வந்ததும் உறுப்பினர் செருமிக்கொண்டே தொலைபேசியை எடுத்தார். திங்கட்கிழமை விடியலில் பேருந்து வந்து நின்றது. சலவைப் பெண்கள் போட்ட கூச்சலில் தெருவே எழுந்துகொண்டது. வடிகட்டியின் மனைவி, அரசாங்கத்தையே வளைத்தவர் என்ற தோரணையில், சன்னலோரம் அமர்ந்தார்.

அன்றைய தபாலில் யாரோ ஒருவர் எரியாத தெருவிளக்கைப் பற்றி எழுதியிருந்தார். வடிகட்டி அதை இரண்டு முறை படித்தார். பிறகு, யாரும் கவனிக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.