நாலு பட்டன்

பேய், ஜின் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். எங்கள் தெருவில் கையிலோ கழுத்திலோ தாயத்து இல்லாத ஆம்பளை நான் ஒருவன்தான், வேண்டுமானால் விசாரித்துப் பாருங்கள். நீங்கள் இப்போது சிரிக்கிற மாதிரிதான் நானும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

கேளம்பாக்கத்தில் கார் சீட் கவர், ஆட்டோ டாப், மழைத் திரை எல்லாம் தைக்கிற கடை என்னுடையது. என் மனைவி நூர்ஜகானும் கூடவே வேலை செய்தாள். கண்ணாடி ஷீட், அதாவது கண்ணாடி மாதிரி தெரிகிற பிளாஸ்டிக், அதை மாட்டுவது ஒரு ஆள் வேலை இல்லை. உள்ளே ஒருவர் இரண்டு உள்ளங்கையையும் ஷீட்டில் பதித்து ஓரத்துப் பக்கம் தள்ள வேண்டும், வெளியே ஒருவர் இழுத்து டிச் பட்டனை அழுத்த வேண்டும். பதினெட்டு வருஷம் உள்ளே அவள், வெளியே நான். முடிந்ததும் "போதும், வுட்டுடு" என்பேன். நான் சொல்கிற வரைக்கும் கையை எடுக்க மாட்டாள்.

போன வருஷம் கோவளத்தில் ஒரு ஓட்டல் மாடி. ஷீட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "ஏங்க, மாரு ஒரு மாதிரி அடைக்குது" என்றாள். முகம் வேர்த்திருந்தது. பார்த்தேன், பொய் சொல்ல மாட்டேன், பார்த்துவிட்டுத்தான் சொன்னேன், "இன்னும் நாலே நாலு பட்டன்தான் கீது. அதுக்குள்ள இன்னா பேஜாரு பண்ற, புடி." பிடித்தாள். நாலாவது பட்டனை அழுத்தினேன், அவள் விழுந்தாள். ஆஸ்பத்திரி வரைக்கும்கூடத் தாங்கவில்லை.

இந்த மார்கழியில் முட்டுக்காட்டில் ஒரு சொகுசுப் படகு வேலை வந்தது. மேல்மாடியில் உட்கார்ந்து ஓட்டுகிற படகு, மேலே கூரை மட்டும், நாலு பக்கமும் திறப்பு. காற்றும் சாரலும் அடிக்கக் கூடாது, கடலும் தெரிய வேண்டும், சுற்றிலும் கண்ணாடி ஷீட் போடுங்கள் என்றார் ஓனர். நான் ஷீட்டை வெட்டியது நல்ல வெயிலில். வெயிலில் இளகி நீளும், குளிரில் சுருங்கும், இரண்டு விரல் கூட விட்டு வெட்ட வேண்டும். ஞாபகப்படுத்துவது அவள்தான், இந்தத் தடவை ஞாபகப்படுத்த ஆள் இல்லை, மறந்துவிட்டேன்.

மாட்டப் போன காலையில் மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. மூன்று பக்கம் எப்படியோ மாட்டிவிட்டேன். கடைசிப் பக்கத்தில் நாலு பட்டன் எட்டவில்லை, ஒரு விரல் குறைகிறது. படகு ஓட்டுகிற தாஸ் கீழே டீசல் ஊற்றிக்கொண்டிருந்தார், மேலே ஏறுகிற வழியையும் மூடியிருந்தோம், ஷீட்டுக்கு உள்ளே யாரும் இல்லை. வெளி விளிம்பில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு இழுத்து இழுத்து அலுத்துப்போய், பழக்கதோஷம், "இன்னும் கொஞ்சம் தள்ளு நூரு" என்று வாய் சொல்லிவிட்டது. சொன்னதும் அழுகை வந்துவிட்டது.

நம்பினால் நம்புங்கள், ஷீட் நகர்ந்தது. என் முகத்துக்கு நேரே இரண்டு உள்ளங்கை அளவுக்கு வெளியே புடைத்தது, தொட்டேன், அந்த இடம் மட்டும் சூடு. உள்ளே எல்லாம் தெளிவாகத் தெரிகிறது, ஸ்டியரிங், சீட், அந்தப் பக்கத்துத் தண்ணீர், ஆள் மட்டும் இல்லை. நாலு பட்டனையும் போட்டேன். அடுத்த நொடி கீழே இறங்கி ஓடினேன்.

"இன்னா பாய், ஒரே ஆளாவா மாட்ன?" என்றார் தாஸ்.

"ஆமா" என்றேன்.

போன வாரம் அவர் போன் பண்ணினார். "அந்த ஒரு பக்கம் மட்டும் ரெண்டு கை மாரி புடைச்சிகினு கீது பாய். எவ்ளோ தேய்ச்சும் போவல. காலைல பனில தொட்டாகூட வெதவெதன்னு கீது. வந்து பாரேன்."

நான் போகவில்லை. ஓடி வந்த அவசரத்தில் அன்றைக்கு "போதும், வுட்டுடு" என்று சொல்லவே இல்லை. கோவளத்திலும் சொல்லவில்லை.

கடையிலிருந்து பைக்கில் கால் மணி நேரம்தான், போய்ச் சொல்லிவிடலாம். சொன்னால் விட்டுவிடுவாள். அவளுக்குக் கை வலிக்குமே என்று தினமும் நினைக்கிறேன். நினைத்துக்கொண்டு கடையிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.