கைதி என்றொரு மச்சான்

போன ஞாயிறு பீடோங்கில் ஒரு பரிசம். பெண்ணின் அப்பா முனியாண்டி என் பழைய நண்பர். மாப்பிள்ளை வீட்டார் ஜித்ராவிலிருந்து இரண்டு வேனில் வந்திருந்தார்கள்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போனது... மாப்பிள்ளையின் அம்மா மோதிரப் பேச்சை எடுக்கும்வரை. கல்யாணத்தன்று பெண்ணின் சகோதரன்தானே மாப்பிள்ளைத் தோழன்? வாசலில் கால் கழுவி வரவேற்பவனுக்கு மாப்பிள்ளை மோதிரம் போட வேண்டாமா? பையனைக் கூப்பிடுங்கள், விரல் அளவு எடுத்துக்கொள்கிறோம் என்றார்.

சிங்கப்பூரில் வேலை, லீவு கிடைக்கவில்லை என்று முனியாண்டி இழுத்தார். உண்மையில் பையன் குமரன் சிறையில் இருக்கிறான். கூலிமில் ஏதோ ஓர் அடிதடி. ஜாமீன் கிடைக்கவில்லை, வழக்கு இன்னும் விசாரணைக்கே வரவில்லை.

மணப்பெண் தனேஸ்வரிக்கு அந்தப் பொய் பொறுக்கவில்லை.

“அண்ணே சிங்கப்பூர்ல இல்ல, ஆன்ட்டி. ஜெயில்ல இருக்காரு. கேஸ் இன்னும் முடியல.”

“அப்ப கைதியா?” என்றார் மாப்பிள்ளையின் பெரியப்பா.

பத்திரிகையில் பத்தி எழுதுகிறவன் வாய் சும்மா இருக்குமா? விசாரணைக் கைதி என்று திருத்தினேன். தீர்ப்பு வரும்வரை அவன் குற்றவாளி இல்லை என்றேன். யார் கேட்டார்கள்? மலாய் மொழியில் தண்டனை பெற்றவன் பண்டுவான்; தடுத்து வைக்கப்பட்டவன் தஹானான். நாமோ ‘கைதி’க்கு முன்னால் எதை ஒட்டினாலும் — காதில் விழுவது கைதி மட்டும்தான். நம் வீட்டுப் பிள்ளை என்றால் மட்டும், ‘உள்ளே இருக்கிறான்’ என்று மென்று விழுங்குவோம்.

பெரியப்பா சீர்த்தட்டைத் திருப்பி எடுக்கிற மாதிரி எழுந்துவிட்டார். மாப்பிள்ளைக்கு விஷயம் முன்பே தெரியும் என்பது அவர் குனிந்த தலையிலேயே தெரிந்தது.

அவர் அம்மா முனியாண்டியிடம், மறைத்தது தனக்குப் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார். பிறகு அந்த அம்மா பெரியப்பா பக்கம் திரும்பினார்.

“உக்காருங்க மாமா. என் மவனுக்கு அவரு மச்சான். அதோட விடுங்க லா.”

தனேஸ்வரியைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டார்.

“அண்ணனப் பாக்க எப்பம்மா போற? என்னையும் கூட்டிட்டுப் போ.”

அதுவரை அழாத பெண் அப்போதுதான் அழுதாள்.

வீட்டுக்கு வந்ததும் அகராதியைப் புரட்டினேன். கைதி: சிறையில் அடைக்கப்பட்டவர். சரிதான். யாருக்கு அண்ணன், யாருக்கு மச்சான் என்பதெல்லாம் அதில் இல்லை — அதை நாம்தான் பக்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.