கரண்ட் போனால் திறக்கும் கதவு

பத்து வயதில் நான் ஒரு கதையின் முடிவை மாற்றிப் படித்தேன். எழுத்துத் தெரியாத என் அத்தையிடம் அச்சில் இருந்ததை மறைத்து, இல்லாததைச் சொன்னேன். அதற்கு மறுநாள், அத்தையைக் கூட்டிப்போக வந்த மாமா தனியாகத் திரும்பிப் போனார். யாரும் என்னைத் தூண்டிவிடவில்லை. காரணமும் பெரிதல்ல. சாயங்காலம் எனக்கு விளையாடப் போக வேண்டும், அவ்வளவுதான்.

சோமனூருக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. வீட்டை ஒட்டினாற்போல் தறிக்கூடம். மின்சாரம் இருக்கும்வரை தறிகள் போடும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் காதில் விழாது. வாயசைவைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்ள எங்கள் வீட்டுக் குழந்தைகள் சீக்கிரமே பழகிவிடும். தறியில் குறுக்கே ஓடுகிற நூலை முன்கூட்டியே சின்னக் கட்டைக் குச்சிகளில் சுற்றித் தர வேண்டும். அதைத் தார் என்போம். தார் மெஷினில் உட்காரும் வேலை பள்ளிவிட்டு வந்ததும் என்னுடையது. அறுந்த நூலைப் பிடித்து முடிபோடும்போது ஆள்காட்டி விரலில் நூல் அறுக்கும். தெருவில் மற்றப் பையன்கள் கில்லி விளையாடுவது எனக்குக் கேட்காது; கேட்காததாலேயே அது இன்னும் பெரிய விளையாட்டாக மனதில் ஓடும்.

அத்தை வந்த பிறகு அந்த வேலையிலிருந்து தப்பித்தேன். அப்பாவின் கடைசித் தங்கை அவள். தை மாதம் அந்தியூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். புதுப்பெண்ணை ஆடிக்குப் பிறந்த வீட்டுக்கு அழைத்து வருவது வழக்கம், அப்படித்தான் வந்தாள். ஆடி முடிந்ததும் யார் கொண்டுபோய் விடுவது என்பதில் சிக்கல் வந்தது. அண்ணன்காரன் சீரோடு கொண்டுவந்து விட வேண்டும் என்பது அங்கே மாமியாரின் கட்சி. கட்டிக்கொண்டு போனவன் வந்து கூப்பிட வேண்டும் என்பது இங்கே அப்பாவின் கட்சி. இரண்டு பக்கமும் பிடித்த பிடியில் நிற்க, ஆவணி போய்ப் புரட்டாசியும் பிறந்துவிட்டது. அத்தை எதுவும் சொல்லாமல் தார் மெஷினில் உட்கார்ந்தாள். நான் தெருவுக்கு ஓடினேன்.

அது மின்வெட்டுக் காலம். கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. போனதும் தறிக்கூடத்தில் ஓர் அமைதி வரும் பாருங்கள், காதை அடைத்திருந்த பஞ்சை உருவினாற்போல இருக்கும். அந்த நேரத்தில் என்னைத் தெருவிலிருந்து கூட்டிவரச் சொல்லி ஆள் அனுப்புவார்கள். கூரையில் ஒரு கண்ணாடி ஓடு உண்டு. அதன் கீழே வெளிச்சம் விழும் இடத்தில் உட்கார்ந்து, வாரப் பத்திரிகையில் வந்துகொண்டிருந்த தொடர்கதையை நான் உரக்கப் படிப்பேன். வரி தவறாமலிருக்க ஆள்காட்டி விரலை எழுத்துக்கு அடியில் ஓட்டிக்கொண்டே படிப்பது என் வழக்கம்.

"கரண்ட் ஆபீசுக்காரன் நல்லா இருக்கோணும்" என்று சொல்லிக்கொண்டே மேஸ்திரி நூல் மூட்டைமேல் சாய்வார். தறிகளைப் பழுது பார்க்கிறவர் அவர். மின்சாரம் போனதற்காகச் சந்தோஷப்பட்ட தறிக்காரர்கள் இந்த வட்டாரத்திலேயே எங்கள் கூடத்தில்தான் இருந்திருப்பார்கள். அத்தை தார்க்குச்சிகளில் மிச்சமிருக்கும் கழிவு நூலை உருவிக்கொண்டே, என் பக்கம் பார்த்தபடி கேட்பாள்.

கதை ஒரு குயவர் வீட்டுப் பெண்ணைப் பற்றியது. மண் எடுக்கப் போன இடத்தில், அருவிக்குப் பின்னால் பாறையில் ஒரு கதவைப் பார்க்கிறாள். உள்ளே போனால் வேறு உலகம். அங்கிருந்து இன்னொரு கதவு, இன்னோர் உலகம். ஓர் உலகத்தில் ஆறு மலைமேல் ஏறிப் போகும். இன்னொன்றில் மனிதர்கள் தங்கள் நிழலைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடப்பார்கள். கடைசிக் கதவு அவளுடைய சொந்த வீட்டுக்குப் போவது. ஆனால் அதை அவளாகத் திறக்க முடியாது. அந்தப் பக்கமிருந்து யாராவது அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். அவள் அந்தக் கதவின் முன்னால் உட்கார்ந்து காத்திருந்தாள். கதை வாரக்கணக்கில் அங்கேயே நின்றது.

"கூப்புடறதுக்கு என்ன கேடு? வாயில கொழுக்கட்டையா வெச்சிருக்கறாங்க?" என்றார் மேஸ்திரி ஒருநாள்.

அத்தை சிரிக்கவில்லை. மேஸ்திரி அசடு வழிய எழுந்து பீடி பிடிக்க வெளியே போனார்.

அந்தியூரிலிருந்து வெற்றிலை கொண்டுவரும் ஒருவர் அந்த வாரம் ஒரு சேதி சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மாமா வருகிறாராம். அம்மா அத்தையிடம், "வந்து கூப்புட்டா போறதுதான அம்மணி?" என்று கேட்டாள். "பாக்கலாமுங்க அண்ணி" என்று மட்டும் அத்தை சொன்னாள். அன்று சாப்பிடும்போது அம்மா அப்பாவிடம், "அம்மணி போயிட்டா பையனையே பழையபடி தாருக்கு ஒக்கார வெக்கோணும்" என்றாள். ரசச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த என் கை நின்றுவிட்டது.

சனிக்கிழமை பத்திரிகை வந்தது. கதை முடிந்திருந்தது. நான் முதலில் தனியாகப் படித்துவிட்டேன். அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறது. கதவு திறக்கிறது. அவள் வீட்டுக்குப் போகிறாள். முற்றும்.

மத்தியானம் கரண்ட் போனது. எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். பாதிவரை இருந்ததை இருந்தபடி படித்தேன். கதவு திறக்கும் இடத்தில் என்னால் பக்கத்தைப் பார்க்க முடியவில்லை. வாய் தானாகச் சொல்லிக்கொண்டு போனது. கதவு திறந்தது. உள்ளே வீட்டு ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் நிமிர்ந்து பார்த்து, 'யார் நீ, என்ன வேண்டும்?' என்று கேட்டார். அவர்கள் கூப்பிட்டது வேறு யாரையோ. அந்தப் பெண் கதவை இழுத்துச் சாத்திவிட்டு, வந்த வழியே திரும்பி நடந்தாள். முற்றும்.

"இதென்னங்க, இப்படி முடிச்சுபோட்டான்" என்று மேஸ்திரி எழுதியவரைத் திட்டினார். அத்தை கையிலிருந்த தார்க்குச்சியைக் கூடையில் போட்டுவிட்டு எழுந்து போனாள். அம்மா தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்துக் கோணூசியால் தைத்து வைப்பவள். அவள் கைக்குப் போகும் முன் அந்தக் கடைசிப் பக்கங்களை உருவிக் கழிவு நூல் மூட்டைக்குள் திணித்துவிட்டேன்.

மறுநாள் மாமா வந்தார். சலவை வேட்டி, கையில் வெற்றிலைக் கட்டு. வீட்டு வாசலுக்குப் போகாமல் நேராகத் தறிக்கூடத்து வாசலில் வந்து நின்றார். அவசர ஆர்டர், அதனால் ஞாயிறும் தறி ஓடியது. மாமாவின் வாய் அசைந்தது. அத்தையின் பெயர் அது, எனக்கே தெரிந்தது. அத்தை நிமிர்ந்து பார்த்தாள். மறுபடி குனிந்து அறுந்த நூலுக்கு முடிபோட்டாள்.

பிறகு வீட்டில் அம்மா காபி கொடுத்தாள். அப்பா, "வாங்க மாப்ள, மழையெல்லாம் எப்படி?" என்று மழையைப் பற்றியே பேசினார். கடைசியில் அத்தை வந்து கதவோரம் நின்றாள். "இப்ப வேண்டாமுங்க. நீங்க போயிட்டு வாங்க" என்றாள். அவ்வளவுதான்.

மாமாவை பஸ் ஏற்றிவிட என்னை அனுப்பினார்கள். வழியில் அவர் எனக்கு ஒரு கோலி சோடா வாங்கிக் கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, "அத்தைக்கு என்மேல கோவமா கண்ணு?" என்று கேட்டார்.

"தெரியிலீங்க மாமா."

"பேர் சொல்லித்தான் கூப்பிட்டேன். தறிச் சத்தத்துல கேட்டிருக்காது." பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டு, "எங்கம்மாகிட்டச் சொல்லாம வந்தேன். இன்னொருக்கா இப்படி வர முடியுமான்னு தெரியில" என்றார்.

பஸ் வந்தது. ஏறும்போது என் தலையைத் தடவிவிட்டுப் போனார். அந்த வாரம் முழுக்கக் கில்லி விளையாடினேன். ஒரு நாளும் ரசிக்கவில்லை. உண்மையைச் சொன்னால் அப்பா தோலை உரித்துவிடுவார். சொல்லாவிட்டால் மாமாவின் முகம் போகாது. எனக்குத் தெரிந்த ஒரே வழி கதைதான்.

அடுத்த பத்திரிகை வந்து, அடுத்த மின்வெட்டும் வந்தது. நானே போய்க் கண்ணாடி ஓட்டுக்குக் கீழே உட்கார்ந்தேன். "போன வாரம் முடிவுல தப்பு நடந்துபோச்சாம். சரியான முடிவு இந்த வாரம் போட்டிருக்கறாங்க" என்று அறிவித்துவிட்டு, கைக்கு வந்த பக்கத்தை விரித்துச் சொல்ல ஆரம்பித்தேன். திரும்பி நடந்த பெண் அருவிக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் நிற்பதைப் பார்த்தாள். அவன் வீட்டில் யாரிடமும் சொல்லாமல் அவளைத் தேடி வந்திருந்தான். 'நான் பேர் சொல்லித்தான் கூப்பிட்டேன், அருவிச் சத்தத்தில் உனக்குக் கேட்டிருக்காது' என்றான். 'இன்னொரு முறை வர முடியுமா என்று தெரியாது' என்றான்.

மேஸ்திரி என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது. விரித்திருந்த பக்கத்தில் பாதிக்கு ஒரு பெண் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள், பல்பொடி விளம்பரம். மேஸ்திரிக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். எனக்கு வியர்த்துவிட்டது.

அவர் பக்கத்தைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். "ஆமாங்க, பையன் சொல்றது சரிதானுங்க. கொட்டை எழுத்துல போட்டிருக்குது" என்றார்.

அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அருவிச் சத்தத்துல கேக்கலீன்னு போட்டிருக்குதா சாமி?"

"போட்டிருக்குதுங்க அத்தை."

"யார்கிட்டயும் சொல்லாம வந்தான்னு?"

"அதுவும் போட்டிருக்குதுங்க."

கரண்ட் வந்தது. தறிகள் போட்ட கூச்சலில் பேச்சு முடிந்தது.

இரண்டொரு நாளில் அத்தை அப்பாவிடம், "அண்ணா, நான் போறனுங்க. யாரு கூப்புடோணும், யாரு கொண்டுபோயி உடோணும்னு பாத்துட்டு இருந்தா தீவாளியே வந்துரும். என்னெய பஸ் ஏத்தி மட்டும் உடுங்க" என்றாள். அப்பா ரொம்ப நேரம் முனகினார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே போனார். மறுநாள் வந்தபோது அவர் முகம் தெளிந்திருந்தது. "மாப்ள பஸ் ஸ்டாண்டுலயே வந்து நின்னுட்டிருந்தாப்ல" என்று அம்மாவிடம் சொன்னார். எப்படித் தெரிந்ததோ, வெற்றிலைக்காரர் சொல்லியிருக்கலாம். அன்று சாயங்காலம் நான் தார் மெஷினில் உட்கார்ந்தேன். விரலில் நூல் அறுத்தது. மூட்டையை இறக்கி வைத்தவன்போல அன்றிரவு தூங்கினேன்.

ஆனால் செய்தது போய்விடவில்லை. நான் படித்தேன், கோவையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றேன். அத்தைக்கு இரண்டு பெண்கள் பிறந்தார்கள், வளர்ந்தார்கள். மாமா நல்லபடி வாழ்ந்து மறைந்தார். அவரிடம் ஒருமுறையாவது சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. போன வருடம் என் பேத்தி ஒரு தடித்த நாவல் படித்துக்கொண்டிருந்தாள். கதவுகள் வழியாக வேறு வேறு உலகங்களுக்குப் போகும் கதையாம். நான் சும்மா புரட்டிப் பார்க்கப் போக, "கடைசிப் பக்கத்தப் பாத்து முடிவச் சொல்லிராதீங்க தாத்தா" என்று பிடுங்கிக்கொண்டாள். அந்த வாரமே அந்தியூருக்கு பஸ் ஏறினேன்.

அத்தைக்கு இப்போது கண்பார்வை கொஞ்சம் மங்கல். காது நன்றாகக் கேட்கிறது. நான் இரண்டு முடிவுகளையும், மூட்டையில் திணித்த பக்கங்களையும் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"அது அன்னிக்கே தெரியுமே கண்ணு" என்றாள் அத்தை. "படிக்கறப்ப உன்ற வெரலு வரியில ஓடிட்டே இருக்கும். ரண்டு தடவையும் வெரலு வெச்ச எடத்துலயே நின்னுபோச்சு. எழுத்துத் தெரியாதவ வேற எதப் பாப்பா?"

"அப்பறம் எதுக்குங்க மாமாவத் திருப்பி அனுப்புனீங்க?"

"ஆடி போயி ரண்டு மாசம் கழிச்சு வந்தா, கூப்புட்ட ஒடனே எந்திரிச்சுப் போயிருவனா? அது எனக்கும் அவருக்கும் உள்ள வழக்கு. ஆனா உன்ற மொதக் கதெ எனக்குத் தெம்பா இருந்துச்சு. அங்க உங்க ஊட்டுல எல்லாரும் இவ எப்பப் போவான்னு பாத்துட்டு இருந்தாங்க. ஒருத்தனாவது போக வேண்டாமுன்னு நெனச்சானேன்னு."

நான் சொல்லாமலே வந்திருக்கலாம். ஆனால் அதற்காகத்தான் போயிருந்தேன். "அது பாசமில்லீங்க அத்தை. நீங்க போயிட்டா நான் தார் சுத்தோணும். அதுக்குத்தான்."

அத்தை என்னைப் பார்த்தாள். முகத்தில் ஏதோ ஒன்று இறங்கியது. எனக்குப் பயமாக இருந்தது. பிறகு என் கையைப் பிடித்து இழுத்து, ஆள்காட்டி விரலைத் தடவிப் பார்த்தாள். நூல் அறுத்த கோடு இன்னும் அங்கே இருக்கிறது.

"அதுக்கப்பறம் சுத்துனியா?"

"காலேஜ் போற வரைக்கும் சுத்துனனுங்க."

அத்தை சிரிக்க ஆரம்பித்தாள். இருமல் வரும்வரை சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு கதையைத் திருப்பி ஒரு மனுஷியின் வாழ்க்கையைத் திருப்பிவிட்டதாக இத்தனை வருடம் நான் நம்பிக்கொண்டிருந்தேன். அவள் தன் வழக்கைத் தானே நடத்திக்கொண்டிருந்தாள் என்பதும், மாமா பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது என்னிடம் சொன்ன வார்த்தைகள் மட்டுமே நான் அவளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த உண்மை என்பதும் அந்தப் பையனுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

கிளம்பும்போது அத்தை கேட்டாள். "ஆமா, நெசமா அச்சுல என்னதான் போட்டிருந்துச்சு?"

"அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாங்க, கதவு தெறந்துச்சு, ஊட்டுக்குப் போயிட்டா. அவ்வளவுதானுங்க."

"அவ்வளவுதானா?" அத்தைக்கு ஏமாற்றம் தாங்கவில்லை. "இதுக்கா அத்தன வாரம் கரண்ட் போகோணும், கரண்ட் போகோணும்னு கெடந்தோம்?"