தொண்ணூற்றிரண்டு சதவீத மாப்பிள்ளை

திருப்பாதிரிப்புலியூரில் ரயிலேறி என் எதிரே அமர்ந்தவர் பட்டு வேட்டி கட்டியிருந்தார். சிதம்பரத்தில் பெண் பார்க்கப் போகிறாராம். மடியில் திறந்த லேப்டாப். பேட்டரி செத்துப்போனதால் ஒயர் ஜன்னலோரப் பிளக்கில் இருந்தது. கணினியை இயக்கும் மென்பொருளை அதன் மூல நிரல் வரிகளிலிருந்து தானே கட்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னார்.

"இது ரெடிமேடா கெடைக்காதா தம்பி?"

"நெட்ல ஓசியாவே இருக்கு சார். ஆனா அதுல எவன் என்ன வச்சிருக்கான்னு யாருக்குத் தெரியும்?"

"இதுல எத்தனை வரி இருக்கும்?"

"கோடிக்கணக்குல."

"நீங்க எத்தனை வரி படிச்சீங்க?"

"ஒன்னு கூட இல்ல சார்," என்றார் கூசாமல்.

கிள்ளை ஸ்டேஷனில், கட்டும் வேலை எண்பத்தேழு சதவீதம் முடிந்ததாகத் திரை காட்டியது. சிதம்பரத்தில் தொண்ணூற்றிரண்டு. ஒயரைப் பிடுங்கினால் முதலிலிருந்து தொடங்க வேண்டுமாம். அவர் எழுந்திருக்கவில்லை. போன் அடித்தது.

"எறங்கிட்டேம்மா, ஆட்டோ புடிக்கிறேன்."

"பொண்ணு வீட்ல காத்திருப்பாங்களே?" என்றேன்.

"அவுங்க காத்திருப்பாங்க சார். இது காத்திருக்குமா?"

எனக்கும் சிதம்பரம்தான், இறங்கிவிட்டேன். ரயில் அவரோடு மயிலாடுதுறைப் பக்கம் போனது. பெண் பிழைத்தாள் என்று இதுவரை பதினோரு பேரிடம் சொல்லிவிட்டேன். மீதி எட்டு சதவீதம் முடிந்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்குத்தான் அது தெரியாமல் இன்றும் உறுத்துகிறது.